மாற்றுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடும் முன்: திறந்தநிலைப் பள்ளிக்குப் போகும் குடும்பங்களுக்கு

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு அந்த அம்மாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் ஒரு வெள்ளைத்தாள். "எனது சொந்த விருப்பத்தின் பேரில் என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பள்ளிக்காரர்களே அதில் எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "பத்தாவதில் உங்கள் பையன் தேற மாட்டான். ஓபன் ஸ்கூலில் போட்டுவிடுங்கள். சுலபம். அதே சான்றிதழ்தான்" என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வந்தபோது ஜூன் மாதம் பிறந்துவிட்டது. பையன் எந்தப் பள்ளியிலும் இல்லை.

இப்படி எழுதிய தாள்களை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பள்ளியின் பெயர் மாறுகிறது. "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற வரி மட்டும் மாறுவதே இல்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்போடு பிள்ளைகளைக் கழித்துக்கட்டுகிற வேலை இது.

திறந்தநிலைப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 1989-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அமைப்பு. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம். பத்தாம் வகுப்பில் சேர 14 வயதும், பன்னிரண்டில் சேர 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. விளையாட்டில் இருக்கும் பிள்ளைக்கும், நோயில் படுத்து எழுந்த பிள்ளைக்கும், வேலைக்குப் போய்விட்டு மறுபடி படிக்க வருகிறவருக்கும் இது நல்ல வழி. ஆனால் இதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரோ உங்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பிறகு "நீங்கள்தானே கேட்டீர்கள்" என்று தாளைக் காட்டக் கூடாது.

ஆகவே முதல் வேலை, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வருவது. "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று பெற்ற பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. கற்றல் குறைபாடும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. "டிஸ்லெக்சியா இருக்கிறது, எங்களால் முடியாது" என்று அனுப்பிவிடுவதற்கு முன், மாநிலப் பாடத்திட்டத்திலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருப்பதைப் பள்ளி உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

சான்றிதழை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றாலும் கதவு மூடிவிடவில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பிள்ளையின் பெயர் 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. பக்கத்து அரசுப் பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பள்ளி பதிவை விடுவிக்காமல் இழுத்தடித்தால் 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடம், இரண்டு பாடம் போய்விட்டது என்பதற்காகத் திறந்தநிலைப் பள்ளிக்கு ஓட வேண்டாம். சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதை எழுதித் தேறினால் அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். டுடோரியல்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பாடத்துக்குத் துணைத் தேர்வு எழுதும் பிள்ளையால் அவர்களுக்கு வருமானம் இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இழப்பது என்ன

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் திறந்தநிலைக்கு மாற்ற நினைப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 2024-இல் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்கிற சங்கிலிதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு. உள் ஒதுக்கீடு அவர்களுக்குக் கிடையாது.

பத்தாவதை மட்டும் திறந்தநிலையில் எழுதிவிட்டு, பதினொன்றில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் சங்கிலி அறுந்ததுதான். ஒரு பெண் 'நடுவில் ஒரே ஒரு வருடம்தானே' என்று கல்லூரி அலுவலகத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கணினியில் அந்த வருடத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36 மாதம் என்று வைத்துக்கொண்டாலும் 36,000 ரூபாய். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நாளில் இதை அந்தக் குடும்பத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை.

யாரிடம் பணம் கட்டுகிறீர்கள்

'தேசிய', 'இந்திய', 'திறந்தநிலை' ஆகிய சொற்களை முன்பின் மாற்றிப் போட்டுப் பெயர் வைத்துக்கொண்ட போலி வாரியங்கள் பல உண்டு. சான்றிதழ் பளபளவென்று இருக்கும். கல்லூரியிலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோ கொடுக்கும்போதுதான் குட்டு உடையும். "முப்பதே நாளில் பத்தாம் வகுப்பு", "தேர்வு எழுதவே வேண்டாம்" என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

உண்மையான நிறுவனத்துக்கே விண்ணப்பிப்பதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் இன்னொரு தொல்லை. விண்ணப்பத்தில் தங்கள் கைபேசி எண்ணையும் தங்கள் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். அதன்பின் ஒருமுறைக் கடவுச்சொல் அவர்களுக்குத்தான் போகும். நுழைவுச்சீட்டு வேண்டுமா, ஆயிரம் கொடு. மதிப்பெண் பட்டியல் வேண்டுமா, இரண்டாயிரம் கொடு என்று பிள்ளையின் படிப்பைப் பணயமாக வைத்துக்கொள்வார்கள். சேர்க்கை இணையத்தில்தான் நடக்கிறது. கட்டணமும் நேராக நிறுவனத்துக்குத்தான் போகிறது. நீங்களே செய்யலாம், முடியாவிட்டால் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யலாம். கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். ரசீதில் என்.ஐ.ஓ.எஸ். பெயர் இருக்கிறதா, 12 இலக்கப் பதிவு எண் வந்ததா என்று பாருங்கள்.

பெயரை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். நம் ஊர் இனிஷியல் இந்தப் படிவங்களுக்குப் புரிவதில்லை. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பழைய பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் மூன்று ஆட்களைப்போல் தெரியும். முதலில் ஆதாரைத் திருத்தி, மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயரும் பிறந்த தேதியும் வாழ்நாள் முழுக்கத் துரத்தும். ஓர் எழுத்தைத் திருத்த ஓராண்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது

ஒரு மொழியாவது இருக்கும்படி ஐந்து பாடங்கள் தேறினால் போதும். ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் வேண்டும். கணக்கு கட்டாயம் இல்லை, அறிவியல் கட்டாயம் இல்லை. இதைத்தான் 'சுலபம்' என்று விற்கிறார்கள். சுலபமான ஐந்தை எடுத்துத் தேறிய பையன், ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு கேட்டுப் போகிறான். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் எங்கே என்று கேட்கிறார்கள். பிள்ளை அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடத்தை எடுங்கள். பொறியியல் என்றால் பன்னிரண்டில் கணக்கு, இயற்பியல், வேதியியல். நீட் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த தடையை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது உறுதியாகிவிட்டது. இன்னும் "எழுத முடியாது" என்று சொல்கிறவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

மொழிகளில் ஒன்றாகத் தமிழை எடுத்துவிடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகள் கணக்கிலேயே வராது. பயிற்று மொழியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் எல்லா மொழியிலும் புத்தகம் கிடையாது. புத்தகம் வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பத்தாவது முடித்த மறு ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும்.

சேர்ந்த பிறகு நடக்கும் விபத்து

குடும்பங்கள் அதிகம் சறுக்கி விழுவது இங்கேதான். சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. சேர்ந்துவிட்டோம், புத்தகம் வந்துவிட்டது, நுழைவுச்சீட்டு தானாக வரும் என்று காத்திருப்பார்கள். வராது. ஏப்ரல் தேர்வுக்கு முந்தைய டிசம்பர் வாக்கிலும், அக்டோபர் தேர்வுக்கு ஜூன் வாக்கிலும் தேர்வுப் பதிவு திறக்கும். அப்போது எந்தெந்தப் பாடம் எழுதப்போகிறோம் என்று குறித்து, தனியாகப் பணம் கட்ட வேண்டும். தவறவிட்டால் ஆறு மாதம் போயிற்று. ஒருவரும் வீடு தேடி வந்து நினைவூட்ட மாட்டார்கள். கைபேசி எண் தரகருடையது என்றால் குறுஞ்செய்தி கூட உங்களுக்கு வராது.

ஒவ்வொரு பாடத்துக்கும் டி.எம்.ஏ. என்கிற ஒப்படைப்பு உண்டு. மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. காலக்கெடுவுக்குள் பிள்ளையே எழுதிப் பதிவேற்ற வேண்டும். செய்முறை உள்ள பாடங்களில் அதற்கான வகுப்புக்குப் போயாக வேண்டும். இந்த வகுப்புகள் நடக்கும் கல்வி மையம் என்பது பெரும்பாலும் ஒரு தனியார் பள்ளியின் ஓர் அறை. சேரும் முன் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால், "இதெல்லாம் சும்மா, நாங்களே மதிப்பெண் போட்டுவிடுவோம், கொஞ்சம் செலவாகும்" என்று பேச்சு வந்தால், வேறு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மையம் மாற்றுவது பெரும்பாடு. மாற்றுத்திறன் சலுகை வேண்டுமென்றால் சேர்க்கைப் படிவத்திலேயே குறித்துச் சான்றைப் பதிவேற்றுங்கள். தேர்வு நாளில் கண்காணிப்பாளரிடம் கெஞ்ச வேண்டிய நிலை வரக் கூடாது.

ஒரு பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான், மறுபடி எழுத வேண்டாம். வேறு வாரியத்தில் ஏற்கெனவே தேறிய பாடம் இருந்தால் இரண்டு பாடம் வரை மாற்றிக்கொள்ளலாம். சேர்க்கையின்போதே கேட்டால்தான் கிடைக்கும்.

ஏப்ரல் தேர்வின் முடிவு பெரும்பாலும் ஜூனில் வருகிறது. கல்லூரி விண்ணப்பம் மே மாதமே தொடங்கிவிடும். முடிவுக்காகக் காத்திருக்காமல் நுழைவுச்சீட்டை வைத்து விண்ணப்பித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கும். மாற்றுச் சான்றிதழும் இடப்பெயர்வுச் சான்றிதழும் ஒரே தாளாக வரும். "தனி டி.சி. எங்கே?" என்று கேட்டு மாணவரைத் திருப்பி அனுப்பும் கல்லூரி அலுவலகங்கள் உண்டு. அந்தத் தாளின் தலைப்பிலேயே இரண்டு பெயரும் இருப்பதை விரல் வைத்துக் காட்டுங்கள். இருப்பிடச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் முதலில் என்.ஐ.ஓ.எஸ். நிறுவனத்தின் 1800 180 9393 என்ற கட்டணமில்லா எண். அடுத்து மண்டல அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மனு. நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்கிற பதிலையே மூன்றாம் முறையும் கேட்டால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்கு வந்தது, இன்று எந்த அலுவலரின் மேசையில் இருக்கிறது, அவருடைய பதவி என்ன, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். முதல் பத்தியில் சொன்ன அம்மா தன் மகனின் தேங்கிக் கிடந்த மதிப்பெண் பட்டியலுக்காக இப்படித்தான் எழுதினார். பட்டியல் பதினெட்டாம் நாள் தபாலில் வந்தது. தகவல் உரிமை மனுவுக்கான பதில் அதற்குப் பிறகுதான் வந்தது.