சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்து

"வக்கீலம்மா, கடன் வாங்குனது எங்க மச்சான். நான் சும்மா ஜாமீன் கையெழுத்துதானே போட்டேன்? எனக்கு எதுக்கு நோட்டீஸ்?"

மாதத்துக்கு ஒருவராவது இப்படி வந்து உட்காருகிறார். எடுத்தவுடன் சட்டம் பேசாமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்வது என் வழக்கம். 'ஜாமீன்' அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொல். அங்கே அது ஆளைக் குறித்தது: இன்னொருவனுக்கான பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவன். தமிழுக்கு வந்ததும் ஆள் மறைந்து, ஜாமீன் என்பது கோர்ட்டில் 'கிடைக்கிற' பொருளாகிவிட்டது. ஆளைச் சொல்வதற்கு 'ஜாமீன்தாரர்' என்று தனியாக ஒரு வால் ஒட்டவேண்டி வந்தது.

சட்டம் பழைய அர்த்தத்தை மறக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன்காரர் எவ்வளவுக்குப் பொறுப்போ ஜாமீன்தாரரும் அவ்வளவுக்குப் பொறுப்பு. "முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் கட்டிய பணத்தை மச்சானிடம் கேட்டு வாங்க உரிமை உண்டு. மச்சானிடம் பணம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆற்காட்டு நவாப் காலத்து வரிக்கணக்கும் நிர்வாகமும் பாரசீகச் சொற்களில் நடந்தன. பின்னால் வந்த கம்பெனிக்காரர்களும் அவற்றில் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். தாசில் என்றால் வசூல், தாசில்தார் வசூலிப்பவர். 'கலெக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேலையைத்தான் சொல்கிறது. கச்சேரி என்பது அரசு அலுவலகம். 'தாலுகா கச்சேரி' என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அதே சொல்லுக்குள் மிருதங்கமும் வயலினும் வந்து உட்கார்ந்தது தனிக் கதை.

'வக்காலத்து' என்றால் ஒப்படைத்தல். அதில் கையெழுத்துப் போடும்போது, உங்கள் இடத்தில் நின்று பேசும் அதிகாரத்தைக் கொடுக்கிறீர்கள். நான் நீட்டினாலும் படித்துப் பார்த்துத்தான் போடவேண்டும்.

'ராஜினாமா' இன்னும் வழுக்கலானது. ராஜாவுக்கும் அதற்கும் உறவு கிடையாது. 'ராஜி' என்றால் மனம் இசைந்தவர், 'நாமா' என்றால் கடிதம். வேலையை விடுவது என்ற அர்த்தம் மட்டுமே இன்று பலருக்குத் தெரிகிறது. கோர்ட்டில் 'ராஜி' என்றால் சமரசம். பாகப்பிரிவினை வழக்குகளில், அண்ணன் சொன்னான், தம்பி சொன்னான் என்று ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அப்பீல் போகலாமா என்று கேட்கும் பெண்கள் அதிகம். இருதரப்பும் இசைந்து பெற்ற தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 96(3). ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால் அதே கோர்ட்டில் போய் நிரூபிக்கவேண்டும். அது லேசுப்பட்ட வேலையில்லை.

போன மாதம் ஒரு பெரியவர் மஞ்சள் பை நிறைய பழைய கிஸ்தி ரசீதுகளை, அதாவது நிலவரி கட்டிய ரசீதுகளை, கொண்டு வந்தார். 'பசலி 1360' என்று இருந்ததைப் பார்த்து, "அறுநூறு வருசத்துக் காகிதமா இது? எவனோ தப்பா எழுதியிருக்கான். பேரன் தூக்கிப் போடச் சொல்றான்" என்றார்.

பசலி என்பது 'பஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருவம், அறுவடை என்று பொருள். நிலவரிக்காக அக்பர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு. நம் வருவாய்த்துறை இன்றும் ஜூலை 1-இல் புதுப் பசலி தொடங்குகிறது. 590-ஐக் கூட்டினால் நம் வருடம் வந்துவிடும். 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

"ஐயா, இது மட்டும் சொத்து உங்களுதுன்னு ஆக்கிடாது. ஆனா அந்த வருசம் உங்க அப்பா வரி கட்டியிருக்காருன்னு காட்டும். நிலம் அவர் கைவசம், அனுபவத்துல இருந்ததுக்கு இது ஒரு சாட்சி" என்றேன்.

அவர் ரசீதுகளைத் திரும்ப ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்தார். "வீட்ல இன்னொரு பை இருக்கும்மா" என்றார்.