எல்லையை எங்கே வைப்பது?

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டன் மக்களில் வாக்களித்தவர்களில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றார்கள். இந்த விலகலுக்குப் பெயர்தான் பிரெக்ஸிட். முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31-இல். பழைய விதிகள் முழுதாக நீங்க மேலும் 11 மாதம் ஆயிற்று. ஒரே நாளில் எடுத்த முடிவுக்கு ஏன் நாலரை வருடம்?

ஒரு லாரி இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது மூன்று கேள்விகள் எழும். சரக்குக்கு எவ்வளவு வரி? எங்கே தயாரானது? நம் தரத்துக்கு உட்பட்டதா? ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சுங்க ஒன்றியமும்கூட: எல்லா உறுப்பு நாடுகளும் வெளியுலகப் பொருளுக்கு ஒரே வரி வாங்குகின்றன. அதனால் முதல் இரண்டு கேள்விகளை உள்ளே யாரும் கேட்பதில்லை. அதன் ஒற்றைச் சந்தை மூன்றாவதையும் எடுத்துவிடுகிறது: தரவிதிகள் எல்லோருக்கும் பொது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமும் பொது. இப்படிக் கேள்வியே கேட்காமல் பல்லாண்டு பழகிவிட்டால், தொழிற்சாலைகளும் பண்ணைகளும் எல்லை இல்லை என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்துவிடும். பின்னாளில் ஒன்றியமாக மாறிய அமைப்பில் பிரிட்டன் சேர்ந்தது 1973-இல்.

விலகினால் கேள்விகள் திரும்பி வரும். 2020 டிசம்பரில் இரு தரப்பும் செய்த ஒப்பந்தத்தில் இறக்குமதி வரி கிடையாதுதான். ஆனால் அந்தச் சலுகை பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும். அதைக் காட்ட ஆவணம் வேண்டும். இறைச்சி அனுப்பினால் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வேண்டும்.

சரி, இந்தச் சோதனையை எந்த இடத்தில் நடத்துவது? என் பார்வையில் பிரெக்ஸிட்டின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் நிலத்தில் உள்ள முக்கிய எல்லை அயர்லாந்துத் தீவில் ஓடுகிறது: வடக்கே பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்து, தெற்கே ஒன்றியத்தில் உள்ள தனி நாடான அயர்லாந்து. நீளம் சுமார் 500 கிலோமீட்டர். கடக்கும் இடங்கள் 200-க்கும் மேல். வடக்கே கறக்கும் பாலில் கணிசமான பங்கு தெற்கே போய்த்தான் பதமாகிறது. பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பியவர்களுக்கும் இடையே நடந்த முப்பது ஆண்டு மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்த மண் அது. 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்பாடு வந்த பிறகே அந்த எல்லையிலிருந்த ராணுவக் காவல் கோபுரங்கள் அகன்றன. அங்கே மறுபடி சாவடி கட்ட யாருக்கும் மனம் வரவில்லை, வரவும் கூடாது.

அப்புறம் இருந்தவை இரண்டே வழிகள். முழு பிரிட்டனும் ஒன்றியத்தின் சுங்க விதிகளிலேயே நீடிக்கலாம். ஆனால் அப்படி விலகுவதில் என்ன பொருள் என்று கேட்டார்கள். அன்றைய பிரதமர் தெரசா மே அந்த வழியைக் கொண்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் வைத்தபோது, 2019 ஜனவரி 15-இல் 202-க்கு 432 என்று தோற்றது. இன்னொரு வழி, சோதனையைக் கடலுக்குத் தள்ளுவது: பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கைச் சோதிப்பது. மேவுக்கு அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் இதற்கு ஒப்புக்கொண்டார். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு சுங்கக் கோடு என்பது வட அயர்லாந்தில் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புவோரைக் கடுமையாகக் காயப்படுத்தியது; அந்த வலி நியாயமானதுதான். அவர்களின் பெரிய கட்சி 2022 பிப்ரவரியில் அரசிலிருந்து வெளியேறியதும் அங்குள்ள ஆட்சி முடங்கியது.

2023-இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு வந்தது. வட அயர்லாந்திலேயே தங்கிவிடும் சரக்குக்குப் பச்சைத் தடம், தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்தார்கள். அதன் பிறகும் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட்டில் ஆட்சி திரும்ப 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.