கொன்ராக்ட் என்றால் ஈ.பி.எஃப் இல்லை என்று யார் சொன்னது?

ஆறு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்த ஒரு பெண், அவ்வப்போது புதுப்பித்துக் கொடுத்த ஒப்பந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போன மாதம் என்னிடம் வந்தார். கடைசிக் கடிதம் முடிந்து எட்டு மாதமாகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டால், "நான் கொன்ராக்ட் தானே சேர், எனக்கு ஒண்டும் வராது எண்டு சொன்னவை" என்கிறார். (ஆளை அடையாளம் காணமுடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) யாழ்ப்பாணத்தில் தொழில் வழக்குகள் பார்க்கிற எந்தச் சட்டத்தரணியைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்.

வேலையை விட்டு நிறுத்தியது நியாயமில்லை என்று தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் இவருக்குப் போய்விட்டது. அவருடைய கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்குகிறது. வேலையும் அதே வேலை, மேசையும் அதே மேசை. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நியாய சபை நின்றுவிடாது, உண்மையில் நடந்தது என்ன என்று பார்க்கும். உரிய நேரத்தில் வந்திருந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது.

சரி, அவருக்கு எல்லாமே போய்விட்டதா? இல்லை. ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடை இருக்கிறது. இவற்றுக்கு அந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது, தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இனி "கொன்ராக்ட் என்றால் ஈ.பி.எஃப் இல்லை" என்கிற அந்தப் பொய்யைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. நிரந்தரம், தற்காலிகம், பயிற்சிக் காலம், ஒப்பந்தம், நாட்கூலி, துண்டுவேலை என்று அது ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "ஆறு மாதம் புரொபேஷன் முடியட்டும், பிறகு போடுவம்" என்பதும் பிழை. "அவரே வேண்டாம் என்று எழுதித் தந்தவர்" என்று ஒரு கடிதத்தை நீட்டுவார்கள், அந்தக் கடிதத்துக்கும் மதிப்பில்லை, ஏனென்றால் சட்டம் தந்ததை நீங்கள் கையெழுத்து வைத்து விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவர் தன் பையிலிருந்து 3 வீதம். சம்பளம் 40,000 ரூபா என்றால் ஈ.பி.எஃப் மட்டும் மாதம் 8,000, ஆறு வருடத்துக்கு வட்டி இல்லாமலே 5,76,000 ரூபா. வீட்டுக்கு ஓடு போடுகிற காசு, பிள்ளையின் படிப்புக் காசு இது.

இப்போது புதிதாக இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கடிதத்தில் "ஆலோசகர்" என்றோ "சேவை வழங்குநர்" என்றோ போட்டுவிடுவது. நீங்கள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று யார் சொல்கிறார்? லீவு யாரிடம் கேட்கிறீர்கள்? உங்களுக்குப் பதிலாக உங்கள் தம்பியை அனுப்பலாமா? இவற்றுக்கு வரும் பதிலைப் பார்த்தாலே நீங்கள் ஊழியரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் நாலு நாள் வேலைக் கிழமை பற்றித்தான் பேச்சு. நல்ல பேச்சு, நானும் அதன் பக்கம்தான். ஆனால் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை நடந்த பரீட்சார்த்தத்திலும், பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் செய்து பார்த்ததிலும் மணித்தியாலம் குறைந்தது, சம்பளம் குறையவில்லை. பெல்ஜியம் கொண்டுவந்தது வேறு, அங்கே முழுநேர வேலையின் அதே மணித்தியாலங்களை நாலு நாளுக்குள் அடைக்கலாம். இங்கே எந்த யோசனை வந்தாலும் முதலில் இது எந்த வகை என்று கேளுங்கள், ஏனென்றால் நாட்சம்பளத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் காசு குறையும், குறுகிய ஒப்பந்தத்தில் இருப்பவர் எதிர்த்து வாய் திறந்தால் அடுத்த கடிதம் வராது. நேரம் குறைவதும் வேலை உறுதியாவதும் சேர்ந்து வராவிட்டால் அந்த நாலு நாளால் பயன் பெறுவது ஏற்கனவே நிரந்தரத்தில் இருப்பவர்கள் மட்டும்தான்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்று எழுதி வைத்துவிட்டது. மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கும் ஒன்றரை மடங்கு காசு. காலை 9 மணியிலிருந்து இரவு 7.30 வரை, கிழமைக்கு ஆறு நாள், புடவைக் கடையில் நிற்கிற பிள்ளைக்கு சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும் 57 வருகிறது. 45க்கு மேல் வந்த அந்த 12 மணித்தியாலத்தின் காசு எங்கே? அந்த அரை நாள் எங்கே? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடை பூட்ட இன்னும் பிந்தும்போது கணக்கு எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அரச வேலை என்றால் நிரந்தரமா, பென்ஷன் உண்டா என்று விசாரிக்கிற நீங்கள், பிள்ளை தனியார் வேலைக்குப் போகும்போது "கிடைச்சதே பெரிசு, வாயைத் திறக்காதை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை.

வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். திகதி போடாத கடிதத்திலும் வெற்றுத்தாளிலும் வைக்கவே வேண்டாம். கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. விலகல் கடிதம் கொடுக்க முன் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள், நாலே முக்கால் வருடத்தில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

சிறு கடை வைத்திருப்பவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனாலும் தயவுசெய்து மாதா மாதம் கட்டிவிடுங்கள். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும், ஊழியரிடம் வெட்டாமல் விட்ட 8 வீதத்தையும் நீங்கள்தான் கட்டவேண்டி வரும்.

ஈ.பி.எஃப் கட்டவில்லை என்று முறையிட சட்டத்தரணி தேவையில்லை, என்னிடம் வரவும் தேவையில்லை. அடையாள அட்டையும் கையில் இருக்கிற கடிதங்களும் சம்பளச் சீட்டுகளும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்கு நேரே போகலாம்.