வலை ஏன் 19 சென்டிமீட்டர் இறங்கியது? திருநங்கையரும் பெண்கள் போட்டியும்

பாளையங்கோட்டையில் எந்த மைதானத்தில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஆண்கள் வாலிபால் முடிந்து பெண்கள் ஆட்டம் தொடங்கும்முன் வலையை இறக்கிக் கட்டுவார்கள். 2.43 மீட்டரில் இருந்தது 2.24-க்கு வரும். 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல். கபடிக் களம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. எறிகிற குண்டு 7.26 கிலோவிலிருந்து 4 கிலோவாகிறது. பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அவர்களுக்குக் கல் வேறு. திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஆடலாமா என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிற சண்டையில் பாதி, இந்த 19 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே நடக்கிறது.

அது பருவ வயதில் வருகிறது. பத்து, பதினோரு வயதுப் பையனையும் பெண்பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதன்பிறகு பையனின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. வளர்ந்த ஆணுக்கு லிட்டருக்கு 8 முதல் 30 நானோமோல் வரை. பெண்ணுக்கு 2-க்குக் கீழே. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை, நடுவில் காலி இடம் கிடக்கிறது. அந்த ஹார்மோன் கைகால் எலும்பை நீட்டி, தோளை அகலமாக்கி, இதயத்தையும் நுரையீரலையும் பெரிதாக்கி, தசையைக் கூட்டி, ஹீமோகுளோபினை ஏற்றிவிடுகிறது. 800 மீட்டர் உலக சாதனை ஆண்களில் 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்களில் 1 நிமிடம் 53.28. ஏறக்குறைய 12 சதவீத இடைவெளி. நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டருக்கு எதிரே 7.52. பளு தூக்குவதில் இடைவெளி இன்னும் பெரிது. பெண்கள் பிரிவு என்று தனியாக ஒன்று இல்லாவிட்டால் மேல்மட்டப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணின் பெயரும் இருக்காது.

சரி, ஆண் பருவத்தைத் தாண்டிய பிறகு ஒருவர் திருநங்கையாகி மாத்திரை எடுத்தால் இதெல்லாம் திரும்பிவிடுமா? சில சீக்கிரம் திரும்பும், சில அரைகுறையாகத் திரும்பும், சில திரும்பவே திரும்பாது. டெஸ்டோஸ்டிரோனை அடக்கினால் மூன்று நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசை அப்படியில்லை. ஒரு வருடம் கழித்தும் பலத்தில் 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உயரமும் எலும்பின் நீளமும் அப்படியே நிற்கும். அமெரிக்க விமானப்படையின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், இரண்டு வருட சிகிச்சைக்குப் பின் தண்டால் எடுப்பதில் திருநங்கையருக்கும் மற்றப் பெண்களுக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் 12 சதவீத வேகம் மிஞ்சி நின்றது. 2024-ல் விளையாட்டு வீரர்களையே வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு வேறு படம் காட்டுகிறது: கைப்பிடி வலு திருநங்கையருக்குக் கூடுதல், ஆனால் எம்பிக் குதிக்கும் உயரமும் உடல் எடைக்கு ஏற்ற ஆக்ஸிஜன் திறனும் மற்றப் பெண்களைவிடக் குறைவு. பெரிய வண்டியில் சின்ன எஞ்சினை மாட்டினால் எப்படியோ, அப்படி.

ஆகவே 'மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதும் தப்பு, 'எல்லா ஆட்டத்திலும் அவங்கதான் ஜெயிப்பாங்க' என்பதும் தப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளு தூக்கிய நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் மூன்று முயற்சியிலும் தோற்றுத்தான் வெளியேறினார்.

சர்வதேச அமைப்புகள் இன்று ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. 2015-ல் ஒலிம்பிக் கமிட்டி ஒரு வருடம் 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றது; 2021-ல் அந்தந்த விளையாட்டே முடிவு செய்யட்டும் என்று கையை எடுத்துக்கொண்டது. 2022 ஜூனில் நீச்சல், 2023 மார்ச்சில் தடகளம், ஜூலையில் சைக்கிள், நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் என்று வரிசையாக, ஆண் பருவத்தைக் கடந்தவர் பெண்கள் பிரிவில் இல்லை என்று அறிவித்தன. பதக்கம் அரை விநாடியில் தீர்மானமாகும் இடத்தில் இந்த முடிவு நியாயமானது என்றே தோன்றுகிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் செஸ் கூட்டமைப்பும் இதே வரிசையில் வந்து நின்றதற்கு உடலியலில் ஒரு காரணமும் கிடையாது. யானையை நகர்த்த எவ்வளவு தசை வேண்டும்?

இவ்வளவும் உலகத் தரவரிசைக் கணக்கில் வரும் போட்டிகளுக்கான விதி. அதை எடுத்துவந்து கோயில் கொடைக்கு நடக்கும் கபடியிலும், பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயிலும் பொருத்தப் பார்க்கும்போதுதான் கெடுதல் ஆரம்பிக்கிறது. இங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திருநங்கை அல்ல. முடியைக் கத்தரித்து, குரல் கொஞ்சம் கட்டையாக, தொடை பலமாக இருக்கும் ஒரு பிள்ளை. கோட்டுக்கு வெளியே நிற்பவன் "ஏட்டி, இவ பொம்பளதானா?" என்று ஒரு சத்தம் விடுவான். அதோடு அவள் ஆட்டம் போயிற்று.

மூன்று பேரைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். திருநங்கை ஒருவர். ஊடுபால் உடலோடு, அதாவது ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் முழுசாக அடங்காத உடலமைப்போடு பிறந்தவர் இன்னொருவர். உடம்பு பலமான சாதாரணப் பெண் மூன்றாமவர். புதுக்கோட்டைக்காரரான சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. இன்றும் அவரைத் திருநங்கை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். கோப்புக்குள் இருக்க வேண்டிய மருத்துவ முடிவு ஊர் ஊராகச் செய்தியானதுதான் அங்கே நடந்த முதல் தவறு.

ஊடுபால் நிலைகளில் இரண்டை நம் பக்கத்தில் பி.டி. ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதலாவது, உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் திசுக்கள் அதைக் கண்டுகொள்ளாத நிலை. குரோமோசோம் எக்ஸ்-ஒய், தோற்றம் முழுக்கப் பெண், கருப்பை இருக்காது. பெண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்குப் போகும் இடத்தில் சில சமயம் தெரியவரும். மற்றது 5-ஆல்பா ரிடக்டேஸ் குறைபாடு. பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, 12, 13 வயதில் குரல் உடைந்து தசை ஏறும். இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வரும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுக்கிற குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். இப்படிப் பிறக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டுப் 'பாலினம் திருத்தும்' ஆபரேஷன் செய்யக் கூடாது என்று 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதே, தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்ததால் வந்த வழக்கில்தான். அதே வருடம் தமிழக அரசும் அந்த ஆபரேஷனுக்குத் தடை போட்டது.

15 வயதாகியும் சடங்கு வைக்காத பிள்ளை அணியில் இருந்தால், பெண் ஆசிரியர் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் காரணம் எளியதாக இருக்கும்: காலையும் மாலையும் ஓட்டம், சாப்பாடு போதாமை. அடிவயிற்று ஸ்கேனில் கருப்பை இருக்கிறதா என்று பார்த்து, தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்எச் ஆகிய ஹார்மோன்களோடு டெஸ்டோஸ்டிரோனும் ரத்தத்தில் பார்த்தால் பாதிக் கேள்வி தீரும். கருப்பை இல்லையென்றாலோ எஃப்எஸ்எச் அதிகமாக இருந்தாலோதான் குரோமோசோம் சோதனைக்குப் போவது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மகப்பேறு ஓ.பி.யில் தொடங்கலாம். முடிவு குடும்பத்துக்கு மட்டும். தேர்வுக் குழுவுக்கு அதில் ஒரு வரியும் போகக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டை வாசிப்பதில் நடக்கிற கூத்து தனி. சர்வதேச விதிகள் லிட்டருக்கு நானோமோலில் பேசும். நம்மூர் லேப் டெசிலிட்டருக்கு நானோகிராமில் தரும். லிட்டருக்கு ஒரு நானோமோல் என்பது டெசிலிட்டருக்கு 28.8 நானோகிராம். ஊடுபால் வீராங்கனைகளுக்கு 2023-ல் உலகத் தடகளம் வைத்த வரம்பு 2.5 நானோமோல். '45' என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து 'விதியில் 2.5தானே' என்று அலறினால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 என்பது 1.6 நானோமோல்கூட இல்லை. 2.5 என்பது 72-க்குச் சமம். ரத்தம் காலை 8 முதல் 10 மணிக்குள் எடுக்க வேண்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குச் சில கருவிகளில் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அளவு கொஞ்சம் கூடும், ஆனால் 5 நானோமோலைத் தாண்டுவது அபூர்வம். பெண்களுக்குரிய குறைந்த அளவைச் சாதாரண லேப் கருவி துல்லியமாக அளக்காது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்கிற நுட்பமான முறை வேண்டும்.

2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளம் எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை கேட்கிறது. ஒய் குரோமோசோமில் வழக்கமாக இருக்கும் மரபணு அது. வாழ்நாளில் ஒரு தடவை, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவியோ ரத்தத்திலோ. சுலபமான சோதனை, சிக்கல் அதன்பின் வருவது. 1996 அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்து 8 பேருக்கு ஒய் அடையாளம் வந்தது. ஏழு பேருக்கு மேலே சொன்ன முதல் வகைக் குறைபாடு. எட்டுப் பேரும் போட்டியில் கலந்துகொண்டார்கள். 1999-ல் ஒலிம்பிக்கில் அந்தச் சோதனையையே விட்டுவிட்டார்கள்.

விளையாடுகிற திருநங்கையரின் உடம்பைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. ஆண் ஹார்மோனை அடக்கத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, எல்லா நேரத்திலும். சிறுநீர் கூட்டும் மருந்து என்பதால் அந்தத் தடை. சோதனை நடக்கும் போட்டிக்குப் போகிறவர் சிகிச்சைக்கான விலக்கை 30 நாள் முன்பே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த மாத்திரை பொட்டாசியத்தையும் உடம்பில் தேக்கும். சித்திரை வெயிலில் ஓடிவிட்டு மூன்று இளநீர் குடித்தால் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உள்ளே போகிறது. உடம்பில் நீரும் வற்றியிருந்தால் தசை சோர்ந்து, நெஞ்சு படபடக்கும். மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷனைத் திருநங்கையர் 'நிர்வாணம்' என்பார்கள்; அதைச் செய்துகொண்டபின் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுக்காமல் விட்டவர்களுக்கு வேறு ஆபத்து. ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை, எலும்பு மெலியும். ஓடும்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரல்நுனி வைக்கிற ஓர் இடத்தில் மட்டும் வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் சுள்ளென்று வந்தால் அது சுளுக்கு அல்ல, விரிசல். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினால் முறியும். சிகிச்சை தொடங்கியவருக்குப் பயிற்சியாளர் பழைய நேரக் கணக்கையே வைத்து விரட்டினாலும் இதே கதிதான். ஹீமோகுளோபின் இறங்கியவர் பழைய வேகத்தில் ஓட முடியாது.

காவலர் தேர்வின் ஓட்டத்தில் பெண்களும் திருநங்கையரும் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர் எல்லாரும் தேறுவார்கள், ஒருவர் ஓடியதால் இன்னொருவர் ஓட்டத்தில் தோற்பதில்லை. கபடி அப்படியில்லை. பெண்கள் பிரிவுக்கு 75 கிலோ உச்சவரம்பு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரே எடையில் ஆண் பருவம் தாண்டிய உடம்பில் தசைப் பங்கு கூடுதல். பிடித்து அமுக்கும் ஆட்டத்தில் அது காயமாகும். பரிசுப் பணம் உள்ள கபடி என்றால் யார் ஆடலாம் என்பதை நோட்டீஸ் அடிக்கும்போதே ஒரு வரியில் போட்டுவிடுங்கள். களத்தில் வந்து நின்றபின் முடிவு செய்யாதீர்கள். பரிசில்லாத ஊர் வாலிபாலில், த்ரோபாலில் திருநங்கையரைச் சேர்த்துக்கொள்ள எந்த அறிவியலும் குறுக்கே நிற்கவில்லை. வலையை நடுவாந்தரமாகக் கட்டி, கலப்பு அணியாக ஆடலாம். கலெக்டர் தரும் திருநங்கை அடையாளச் சான்று பாலின அடையாளத்துக்கு. எந்தப் பிரிவில் ஆடுவது என்பது அந்தப் போட்டியின் விதி.

எதிரணி புரொடெஸ்ட் கொடுத்தால் ஆதாரும் பிறப்புச் சான்றும் பார்ப்பதோடு அமைப்பாளர் வேலை முடிந்தது. பிள்ளையைத் தனியறைக்குக் கூப்பிடுவதோ, 'ஒரு லேடி டீச்சரை விட்டுப் பாருங்க' என்பதோ கூடவே கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ வரைக்கும் போகும். மைக்கில் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடரவிட்டு, புகாரை எழுத்தில் வாங்கி, நேரத்தைக் குறித்து, உறையில் ஒட்டி மாவட்டச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்தக் காகிதத்தில் பிள்ளையின் பெயர் வேண்டாம், ஜெர்சி நம்பர் போதும்.