ஊர் எங்கே முடிகிறது?

பழைய ஊர்களை அளந்து வரைபடமாக்குவது என் தொழில். சிவகங்கைப் பக்கம் முதலில் வேலை செய்த ஊரில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஓட்டு வீடுகள் முடிகிற இடத்தோடு ஒரு சிவப்புக் கோட்டைச் சுற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுவருடம் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலை ஒட்டிக் கிராவல் கொட்டிப் பாதை போட்டார்கள். புரவி எடுப்பில் கொண்டுவந்து வைத்த மண்குதிரைகள் கழுத்து வரை புதைந்து நின்றன. கேட்கப் போனால், "உங்க படத்துலயே இது ஊருக்கு வெளியதானம்மா இருக்கு" என்றார் அதிகாரி. பதில் இல்லை என்னிடம்.

அப்புறம்தான் நடந்து பார்த்தேன். கூட வந்த பூசாரி ஓர் உடைமரத்தடியில் நின்றார். "காப்புக் கட்டிட்டா இதத் தாண்டிப் போயி ராத்தங்கக் கூடாது தாயி." காலடியில் முழங்கால் உயரக் கல், உச்சியில் காய்ந்த மஞ்சள். வருவாய்த்துறை எல்லையோ அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி. கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழிகிற தண்ணீர் அதையும் தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. இதில் எதை ஊர் எல்லை என்று போடுவது?

சோழர் செப்பேடுகளில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று திசை திசையாக வாய்க்காலையும் குளத்தையும் சொல்லிக்கொண்டே போவார்கள். பெண் யானையை நடத்தி, அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், ஊர்களின் இறையிலி (வரியில்லாத) நிலங்களாக ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வருகின்றன. சேரி அன்றே தனியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இன்றும் சாமி ஊர்வலம் எந்த முக்கில் திரும்புகிறது என்று குறித்தால், சில ஊர்களில் சாதிக் கோடு தானாகத் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு அழகாகப் படம் போடச் சொன்னால் நான் போடுவதில்லை.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால், 2010 சட்டத் திருத்தப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. அதற்கப்பால் இன்னுமொரு 200 மீட்டருக்குக் கட்ட அனுமதி வாங்கவேண்டும். பட்டியலில் இல்லாத அய்யனாருக்கு அந்த வட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் கையில் இருக்கும் படம்தான் அவருக்குத் துணை.

இப்போது ஒற்றைக் கோடு போடுவதில்லை. வருவாய்த்துறையின் புலப்பட எல்லை கறுப்பில், நீர்வழி நீலத்தில், சாமி எல்லை மஞ்சளில், ஒவ்வொன்றும் தனி அடுக்கு. இரண்டு பேர் இரண்டு இடம் காட்டினால் இரண்டையும் சேர்த்து அகலப் பட்டையாகத் தீட்டிவிடுகிறேன். கைபேசி ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் தப்பும், மரத்தடியில் கேட்கவே வேண்டாம்.

உங்கள் ஊரில் அடுத்த காப்புக்கட்டில் எல்லை சுற்றுகிறவர்களோடு, கைபேசியில் தடம் பதிந்தபடி நீங்களும் நடந்துவாருங்கள். எல்லைக்கல்லை நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள். சீமைக்கருவேலம் பிடுங்க வந்த பொக்லைன் அந்த உடைமரத்தடிக் கல்லையும் பெயர்த்துப் போட்டுவிட்டது. எந்த முகம் ஊரைப் பார்த்து இருந்தது என்று பூசாரிக்கே குழப்பம். பழைய புகைப்படத்தை விரித்துக் காட்டித்தான் திருப்பி நட்டோம்.