கணப்பு மூட்டும் முன் புகைபோக்கிக்குள் பாருங்கள்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் பழைய செங்கல் பங்களா வைத்திருப்பவர்களிடமிருந்து அக்டோபர் முடிந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கும். "சிம்னி கிளீன் பண்ண எவ்வளவு ஆகும்?" என்பார்கள். தொகையைச் சொன்னதும், "ஏங்க, கரி தட்டுறதுக்கா இவ்வளவு?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். போன சீசனில் பார்த்த ஒரு வீட்டுக்குப் பிறகு, இதைப் போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று தோன்றிவிட்டது.

அது ஒரு பழைய எஸ்டேட் பங்களா, இப்போது ஹோம்ஸ்டே. கீழே கூடத்தில் பெரிய கணப்பு, அதாவது சுவரோடு கட்டிய ஃபயர்பிளேஸ். அதற்கு மேலே மாடி அறையிலும் ஒரு கணப்பு உண்டு. அதை ப்ளைவுட் வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்து, டிவி மாட்டியிருந்தார்கள். ஜனவரி இரவு, வெளியே உறைபனி. கீழே நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துவிட்டு விருந்தாளிகள் படுக்கப் போனார்கள். விடியற்காலையில் மாடி அறையில் இருந்த தாய்க்கு மண்டை பிளக்கும் வலி, வாந்தி. பக்கத்தில் படுத்திருந்த குழந்தையைத் தட்டினால் எழவில்லை. "ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல போல" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட வந்திருந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தது அவர்கள் நல்ல காலம். ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினார். இருவரும் பிழைத்துவிட்டார்கள். நெருப்பே மூட்டாத அறையில் படுத்திருந்தவர்கள் அவர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கூரைக்கு மேல் ஒரே புகைக்கூண்டுதான் தெரியும். உள்ளே இரண்டு மூன்று புகைவழிகள் தனித்தனியாக ஏறும். அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் தடுப்பு ஒன்றுதான், அதுவும் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. கேமராவை இறக்கிப் பார்த்தபோது, மாடி அறைக்குப் பின்னால் வளைவு வருகிற இடத்தில் அந்தத் தடுப்பு சரிந்து கிடந்தது. கீழ்க் கணப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயு அந்த ஓட்டை வழியாக மாடியின் புகைவழிக்குள் புகுந்து, ப்ளைவுட் இடுக்குகளில் கசிந்து, அறைக்குள் இறங்கியிருக்கிறது.

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அந்தச் சிம்னியை நவம்பரிலேயே சுத்தம் செய்திருந்தார்கள். யாரோ கூரையில் ஏறி, முள்ளுக்கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து, பக்கெட் பக்கெட்டாகக் கரி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கரியைக் கொட்டிய குழி பங்களாவுக்குப் பின்னால்தான் இருந்தது. கிளறினால் கரியோடு காரைக் கட்டிகளும் முழுச் செங்கல்களும் கிடக்கின்றன. தடுப்புச் சுவர் விழுந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதை அள்ளியவர் பார்த்தார், கொட்டியவர் பார்த்தார். சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் பேசிய கூலி கரி எடுப்பதற்கு மட்டும்தான். கரியோடு செங்கல் துண்டோ காரையோ விழுந்தால் அன்றிலிருந்து அந்தக் கணப்பில் நெருப்பு மூட்டக் கூடாது. தயவுசெய்து உங்கள் வாட்ச்மேனிடமும் பட்லரிடமும் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

சுத்தம் செய்வது ஒரு வேலை, சோதிப்பது வேறு வேலை. முதலாவதற்குக் காசு கொடுக்கிறவர்கள் இரண்டாவதை வேண்டாம் என்கிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணே, புகை ஜம்முன்னு மேல போகுது, அப்புறம் என்ன செக்கிங்?"

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, விறகு கொழுந்துவிட்டு எரியும்போது, எந்தச் சிம்னியும் இழுக்கும். செங்கல் சூடாக இருக்கிறது, உள்ளே காற்று சூடாக இருக்கிறது, சூடான காற்று மேலே போகிறது. ஓட்டை விழுந்த சிம்னியும் அப்போது இழுக்கும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துத் திருப்திப்படுவது அந்த நேரத்தில்தான். இரவு இரண்டு மணிக்கு யாரும் பார்ப்பதில்லை. அப்போது சுவாலை அடங்கிவிட்டது, கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கிறது. புகைவழி ஆறிவிட்டதால் இழுப்பு குறைந்துபோயிருக்கும். கங்கிலிருந்து புகை வராது, வாடை வராது, கண் எரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். புகை இல்லாத நெருப்பு பத்திரமான நெருப்பு என்று நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும்.

இன்னும் கேளுங்கள். மலைச் சரிவில் காற்று திசை மாறினால் புகைவழியில் இருப்பது கீழே திரும்பும். சமையலறையிலோ குளியலறையிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகச் சிம்னி வழியாகவே காற்று உள்ளே இறங்கும். அந்தக் காலத்து மர ஜன்னல்களில் இடுக்கு இருக்கும், அதன் வழியாக நெருப்புக்குக் காற்று கிடைத்தது. இப்போது எல்லோரும் ரப்பர் வைத்த யுபிவிசி ஜன்னல் மாட்டிவிட்டார்கள். குளிர் வராது, சரி. நெருப்புக்குக் காற்றும் வராது. இத்தனைக்கும் நடுவில் "புகை மேல போகுது" என்ற ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பக்கத்து அறையில் தூங்க வைக்கிறீர்கள்.

செலவுக்கு வருகிறேன். நான் வாங்கும் கணக்கு இது. ஒரு கணப்பு, ஒரு புகைவழி, 25 அடி உயரம் வரை என்றால் சுத்தம் செய்ய 4,000 முதல் 6,000 ரூபாய். கேமரா இறக்கிப் பார்ப்பது, சீலிங்குக்கு மேலே ஏறி உத்திரமும் கைமரமும் கூண்டை ஒட்டும் இடங்களைப் பார்ப்பது, புகை விட்டுக் கசிவு பார்ப்பது, எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000 முதல் 7,000. அதே நாளில் பார்க்கும் அடுத்தடுத்த கணப்புகளுக்கு ஏறக்குறைய பாதி. ஜீப் வாடகை தனி. சமையலறை மின்சாரச் சிம்னிக்கு ஆப் வழியாக வருகிறவர் சில நூறு ரூபாயில் முடித்துவிடுகிறார் என்று ஒப்பிடாதீர்கள். அவர் ஃபில்டரைக் கழுவுகிறார். எங்கள் ஆட்கள் பாசி பிடித்த ஓட்டுக் கூரையில் ஏணி கட்டி ஏறுகிறார்கள். கேரளத்தில் கொத்தனார் நாள்கூலியே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வேலைக்கு ஒருவரைத் தனியாக ஏற்றவும் மாட்டேன். அமெரிக்காவில் சாதாரணச் சுத்தத்துக்கே பெரும்பாலும் 150 டாலருக்கு மேல் ஆகிறது. அங்குள்ள தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் எண் தரநிலை, அதிகம் பயன்படுத்தாத சிம்னியானாலும் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. வீடு கைமாறினாலோ, சிம்னிக்குள் தீப்பிடித்திருந்தாலோ கேமரா இறக்கியும் பரணில் ஏறியும் பார்க்கும் இரண்டாம் நிலைச் சோதனை வேண்டும் என்கிறது. எஸ்டேட் பங்களாவை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்குகிறவர்கள் எல்லோரும் இந்த வகைதான்.

சோதனையில் பழுது தெரிந்தால் செலவு கூடும், மறைக்கவில்லை. கூரைக்கு மேலுள்ள பகுதியின் இடுக்குகளைச் சுரண்டிப் புதுக் காரை வைக்க, சாரத்தோடு சேர்த்து 15,000 முதல் 30,000 வரை போகும். புகைவழிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவது அதைவிடப் பெரிய செலவு. உயரத்தைப் பொறுத்து 60,000க்கு மேல் எதிர்பாருங்கள். 1924 மூணாறு பெருவெள்ளத்தை அடுத்துக் கட்டிய வீடு என்றாலே ஏறக்குறைய நூறு வயது. பழைய ஆங்கிலேய முறையில் புகைவழியின் உட்புறத்தில் சுண்ணாம்போடு சாணம் கலந்து பூசுவார்கள். அது நூறு வருடம் நிற்காது. பூச்சு போனால் காரை, காரை போனால் செங்கல்.

காரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் வைத்து பாயிண்டிங் செய்யாதீர்கள். பழைய செங்கல் மிருதுவானது, சுண்ணாம்புக் காரை அதோடு சேர்ந்து ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும், தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஈரம் செங்கலுக்குள்ளேயே நிற்கும், இரண்டு மூன்று மழையில் செங்கலின் முகம் உரிந்து விழும். போடியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வருகிற மூத்த கொத்தனார்களில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள்.

கரியையும் லேசாக நினைக்க வேண்டாம். எஸ்டேட்டில் வெட்டிய யூகலிப்டஸையும் சில்வர் ஓக்கையும் ஈரத்தோடு எரித்தால் புகைவழியில் பளபளவென்று தார் படியும். 3 மில்லிமீட்டர் கனம் வந்துவிட்டால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் நெருப்பு மூட்டவே கூடாது. அந்தத் தார் தீப்பிடித்தால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். கூண்டை ஒட்டியிருக்கும் உத்திரம் பற்றிக்கொள்ளும். வைக்கோலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் கரி எல்லாம் எரிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உப்புப் போடுவது, உருளைக்கிழங்குத் தோல் போடுவது, பவுடர் போடுவது எதுவும் பிரஷ்ஷுக்கு ஈடாகாது. விறகை வெட்டிப் பிளந்து ஆறு மாதமாவது மழை படாமல் காயவையுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

கங்கு இருக்கும்போது டேம்பரை, அதாவது புகைவழியை மூடித் திறக்கும் தகட்டை, மூடாதீர்கள். சூடு போகிறதே என்று மூடுகிறீர்கள். வாயுவுக்குப் போக வழி இல்லாமல் போகிறது. கணப்பு சரியில்லை என்று இரும்புச் சட்டியில் கரியடுப்பு மூட்டி அறைக்குள் வைப்பது அதைவிடக் கொடுமை. மழைக்காகச் சிம்னி வாயில் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுத்தான் முதல் நெருப்பு. குளவிக்கூடு, தேன்கூடு, மைனாக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வலை போட்ட மூடி மாட்டினால் அந்தத் தொல்லை தீரும். செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், கூண்டே ஆடிவிடும். வெட்டி, வேரைச் சாகடித்து, பிறகு எடுக்க வேண்டும்.

கணப்புள்ள வீட்டில், புகைவழி கடந்து போகும் ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். மாட்டியிருக்கும் புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. பெட்டியில் EN 50291 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் 300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு) அளவு வந்தால் மூன்று நிமிடத்துக்குள் அலறும். ஒன்று சில ஆயிரம் ரூபாய், பேட்டரியில் ஓடும், சில வருடங்களில் சென்சார் காலாவதியாகும்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்து, வெளியே காற்றில் நின்றால் தெளிகிறது என்றால், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியேற்றி 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று நிம்மதியடையாதீர்கள். அந்தக் கருவியால் ரத்தத்தில் ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்க முடியாது. கணப்பு எரிந்தது என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வயிற்றுக்கோளாறுக்குத்தான் மருந்து எழுதுவார். சிம்னிக்குள் ரயில் போவது போல இரைச்சல் கேட்டால் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆட்களை வெளியேற்றி 101ஐ அழையுங்கள்.

இவ்வளவு செலவு செய்ய வசதி இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணப்பை நிறுத்திவிடுங்கள். மேலே மழை இறங்காதபடி மூடி, கீழே அடைப்பில் காற்றுத் துளை விட்டுவிட்டால் சுவர் ஓதம் பிடிக்காது. விருந்தாளிக்கு எண்ணெய் ஹீட்டர் கொடுங்கள், ரஜாய் கொடுங்கள். ப்ளைவுட் அடித்து டிவி மாட்டிய கணப்பு உங்கள் வீட்டில் இருந்தால், அதே கூண்டில் வேறு கணப்பு எரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எரிகிறது என்றால், சோதனை முடியும்வரை அதை நிறுத்துங்கள்.

கூப்பிடுகிறவர்கள் டிசம்பர் 20ஆம் தேதி கூப்பிட்டு, "கிறிஸ்துமஸுக்கு ஆள் வர்றாங்க, நாளைக்கே வாங்க" என்று சொல்லாதீர்கள். சீசன் முடிந்த மார்ச், ஏப்ரல்தான் சரியான காலம். கரியை அப்படியே விட்டு மழைக்காலத்தைக் கடந்தால், ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகிக் காரையைத் தின்னும். மார்ச்சில் பார்த்துவிட்டால் பழுதைச் சரிசெய்ய மழைக்கு முன் இரண்டு மாதம் கிடைக்கும். கூப்பிடும்போது எத்தனை கணப்பு, எதெது அடைத்திருக்கிறது, கூரை ஓடா தகரமா என்று சொல்லுங்கள். கூண்டின் நான்கு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். போன தடவை எடுத்த கரி எங்கே கொட்டியது என்று தெரிந்தால் அந்த இடத்தையும் காட்டுங்கள்.