ஒரே எழுத்து, இரண்டு ‘பாட்டில்’

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் சொற்களில் ஒன்று ‘பாட்டில்’. ‘இந்தப் பாட்டில் எந்த வரி பிடிக்கும்?’ என்னும்போது மூடிய உதடு திறந்த பிறகே குரல் அதிர்கிறது. தண்ணீர் பாட்டில் என்னும்போதோ உதடு மூடியிருக்கையிலேயே அதிர்வு தொடங்கிவிடுகிறது. எழுத்தும் உதடு மூடும் இடமும் ஒன்றே, வேறுபடுவது நேரம்.

உதடு திறப்பதற்கும் குரல் அதிரத் தொடங்குவதற்கும் உள்ள இந்த இடைவெளியை ஒலியியல் ஆய்வாளர்களான லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 11 மொழிகளில் அளந்து 1964இல் வெளியிட்டார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் பகர ஒலியில் ஏறத்தாழ 60 மில்லி விநாடி நீளும் இடைவெளி, தமிழில் 10, 15க்குள் முடிந்துவிடுகிறது.

மூளை பாதிக்கப்படும்போது இந்தத் துல்லியம் குலையலாம். ஷீலா புளூம்ஸ்டீன் குழுவினர் 1977இலும் 1980இலும் வெளியிட்ட ஆய்வுகளில், புரோக்கா வகைப் பேச்சிழப்பு (தடுமாறித் துண்டுதுண்டாகப் பேசுவது) உள்ளவர்களிடம் அதிர்வுள்ள ஒலி, அதிர்வில்லா ஒலி இரண்டின் நேர அளவுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சரளமாகப் பேசினாலும் பொருள் தெளிவில்லாத வெர்னிக்கே வகையினரோ, தவறான ஒலியைத் தேர்ந்தாலும், பெரும்பாலும் அதை உரிய நேரத்தில்தான் ஒலித்தார்கள். கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே பிழைதான்; ஆனால் பயிற்சி வேறு.

ஒரு பெரியவர் ‘படம்’ என்றார். மனைவிக்கு அது ‘பட்டம்’ என்று கேட்டது. “நாக்கு தடிச்சுப்போச்சு மேடம், மருந்து ஏதாவது இருக்கா?” என்றார் அந்த அம்மா. (வசம்பு உரைத்துத் தடவிவிட்டு வருபவர்களும் உண்டு.) ஒலிப்பதிவை, ஒலியின் நேரத்தை அளந்து காட்டும் பிராட் (Praat) மென்பொருளில் விரித்துக் காட்டினேன். டகரத்துக்காக மேலண்ணத்தைத் தொட்ட நாக்கு, விலகுவதற்குத்தான் தாமதித்திருந்தது.

எல்லோருக்கும் நேரம் ஒரே விதமாகப் பிசகுவதில்லை. சிறுமூளைப் பாதிப்பில் குறிலும் நெடிலும் ஏறத்தாழ ஒரே நீளமாகி, பேச்சு அசை அசையாக உதிரக்கூடும். பார்கின்சன் நோயில் சிலருக்கு வேகம் கூடி அசைகள் ஒட்டிக்கொள்ளும். ‘ப-த-க’ என்று விடாமல் சொல்லச் சொன்னால் இந்த வேறுபாடு ஓரளவு தெரிந்துவிடும். வீட்டில் “சீக்கிரம் சொல்லுங்க” என்று அவசரப்படுத்துவது நேரத்தை இன்னும் குலைக்கிறது. அந்தப் பெரியவரைத் தொடையில் தட்டிக்கொண்டு, தட்டுக்கு ஓர் அசையாகச் சொல்லப் பழக்கினேன்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரென நாக்குழறினால் மட்டும் பேச்சுப் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள்தான் போடப்படுகிறது.